அன்று மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை

போர் முடிந்து, முகாம்களில் இருந்த சனங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரியான நான் அப்போது மன்னார் நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். எங்கள் ஊரில் இன்னும் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை. அதனால் வெளிநாட்டு ஊழியர்களுக்காக எடுத்திருந்த வாடகை வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை கிடைத்தது. கூட இருந்தவர்கள் மூன்று பேர்: கென்யாவிலிருந்து வந்த ஒரு தாதி, ஜப்பான்காரப் பொறியியலாளர் ஒருவர், வீட்டுக்குப் பொறுப்பான டென்மார்க்காரர்.

குறை சொல்லக் கூடாது, நல்ல மனிதர்கள். பின்னேரங்களில் சேர்ந்து சீட்டு விளையாடுவோம். சனிக்கிழமைகளில் முறைவைத்துத் தங்கள் நாட்டுச் சாப்பாட்டைச் சமைப்பார்கள். என் முறை மட்டும் வரவே இல்லை. கேட்டால், உன் சாப்பாட்டைத்தான் தினமும் சாப்பிடுகிறோமே என்றார்கள். சமையலுக்கு வருகிற அம்மா அவர்களுக்காக உறைப்பில்லாமல் வைக்கும் கறிதான் என் சாப்பாடாம். எனக்கு வந்ததே கோபம். வருகிற சனிக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சுகிறேன், குடித்துவிட்டுப் பேசுங்கள் என்றேன்.

காயவைத்த பனங்கிழங்கான ஒடியலின் மா சந்தையில் கிடைத்தது. மீனுக்கு முன்வீட்டு அக்காவிடம் போனேன். அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். நாலு பேருக்குக் கூழ் காய்ச்சப் போதுமான மீன் வேண்டும் என்றதும் அக்கா சிரித்தார்.

"நாலு பேருக்கோ கூழ் காய்ச்சுறது? பெரிய பானையா வை தங்கச்சி. மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

வீடு இருந்த அந்த ஒழுங்கைத் தெருவின் வழக்கம் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு வீட்டில் கூழுக்கு மீன் கேட்டால், ஒழுங்கை முழுவதையும் கூழுக்குக் கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். யாருடைய மீன் பானைக்குள் போகிறதோ, அவர் குடிக்காமல் போக மாட்டார்.

சனிக்கிழமை வேப்பமரத்தடியில் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். ஜப்பான்காரர் மரவள்ளிக்கிழங்கு உரித்தார். தாதி புளி கரைத்தார். அப்போது கேற்றடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒழுங்கையே திரண்டு நிற்கிறது. ஒருவர் கையில் நண்டு, ஒருவர் கையில் இறால், இன்னொருவர் கூழ் குடிக்கப் பிளா என்கிற ஓலைக் கிண்ணம் கோலுவதற்குப் பனையோலையே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். காவல்காரர் திறக்கவில்லை. முன் அனுமதி இல்லாமல் வெளியார் உள்ளே வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

டென்மார்க்காரர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மீனை வாங்கிக்கொள், நன்றி சொல், உள்ளே விட முடியாது என்பதை விளக்கி அனுப்பிவிடு என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா மீன் கூடையோடு நின்றார். எனக்கு நான் இருந்த முகாம் ஞாபகம் வந்துவிட்டது. என்னைப் பார்க்க வந்த மாமி, முள்ளுக்கம்பி இடுக்கால் ஒரு பிஸ்கற் பெட்டியை நீட்டிவிட்டு, உள்ளே வர முடியாமல் அழுதுகொண்டே திரும்பிப் போனார். அன்று எங்களுக்கு நடுவில் நின்ற முகாம் காவலனும் சட்டம் என்றுதான் சொன்னான். அதே வேலையை இப்போது நான் என் வாயால் செய்வதா?

"உள்ளுக்கு வாங்கோ. எல்லாரும் வாங்கோ" என்றேன். கேற்றின் கொண்டியை நானே இழுத்தேன்.

பிறகு டென்மார்க்காரர் பக்கம் திரும்பி, நான் என்ன சொன்னேன் என்பதை ஒளிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்து அறைக்குள் போய்விட்டார். முற்றம் நிறையச் சனம். தாதி உறைப்பில் மூக்கைச் சிந்திச் சிந்தி, இன்னும் ஊற்று என்று பிளாவை நீட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை டென்மார்க்காரர் நிறுவனக் கந்தோரில் என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும், அல்லது வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றார். எனக்குப் போக்கிடம் இல்லை. வேலையும் போய்விடுமோ என்ற பயம் இருந்தது. என்றாலும், செய்யாத பிழைக்கு என் வாயில் மன்னிப்பு வராது என்று சொல்லிவிட்டு, பின்னேரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். முன்வீட்டு அக்கா தன் வாசல் படலையைத் திறந்தார். பெட்டியை வாங்கித் தன் வீட்டுக்குள் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டு முற்றத்தில் மறுபடி பானை ஏறியது. தாதியும் ஜப்பான்காரரும் வழக்கம் தெரிந்தவர்கள் போல ஆளுக்கொரு பை இறாலோடு வந்தார்கள். கொஞ்சம் பிந்தி, படலைக்கு வெளியே டென்மார்க்காரர். ஒரு மீனை வாலில் பிடித்துத் தொங்கவிட்டபடி, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவரோடு நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். அன்று பேசவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது; மீனோடு உள்ளே வந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேரின் பேச்சை இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வந்தவரைப் படலைக்கு வெளியே நிற்கச் சொல்லும் பேச்சை மட்டும் அன்று கேற்றடியிலும் சொல்லவில்லை, இனியும் என் வாய் சொல்லாது.