ஆசீர்வாதத்தின் இடது பாதமும் ஒன்பது சேனல்களும்

அந்தத் தீ விபத்தில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிக்காரர்கள் இதைச் சொல்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் தொழிற்சாலை. ஆயுத பூஜை அன்று மத்தியானம் அதன் பின்பக்கக் கிடங்கில் தீப்பிடித்தது. கரும்புகை பொன்னேரி வரைக்கும் தெரிந்தது. ஏழு ஊர் ஜனங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். முப்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். எதனால் தீப்பிடித்தது என்று விசாரணைக் குழு இன்னும் சொல்லவில்லை. சேனல்கள் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டன, ஐந்து விதமாக.

முப்பத்தொரு பேரில் பெரும்பாலானவர்களுக்குக் காலில்தான் காயம். காரணம் பூஜை. வருடம் முழுக்க, பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே வராதே என்று அந்தக் கம்பெனி வாசலில் போர்டு தொங்கும். பூஜை அன்று மட்டும் ஷூவோடு உள்ளே வந்தால் திட்டு விழும். அன்றைக்கு மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு சாமியாக்கிவிடுகிறார்கள். சாமி முன்னால் ஷூவோடு நிற்க முடியுமா? இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லோருமே வாசலில் கழற்றிக் குவித்துவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். தீ என்றதும் வெறுங்காலோடு ஓடினார்கள். நூறு ஜோடிக் குவியலில் தன் ஜோடியைத் தேட யாருக்கு நேரம்?

சேனல்காரர்களை கேட்டுக்குள் விடவில்லை. வெளியிலிருந்து கேமராவை இழுத்துப் பார்த்ததில் அந்த ஷூக் குவியல் தெரிந்தது. அதையே சாயங்காலம் முழுக்கக் காட்டினார்கள். பின்னால் சோகமாக ஒரு புல்லாங்குழல். இந்தக் காலணிகளின் சொந்தக்காரர்கள் எங்கே என்று ஒரு குரல் உடைந்து உடைந்து கேட்டது. சொந்தக்காரர்கள் எதிரே டீக்கடையில் வெறுங்காலோடு உட்கார்ந்து அந்தச் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், மேலேயிருந்து மூன்றாவது தன்னுடையது என்று அடையாளம்கூடக் காட்டினாராம். கேமரா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆசீர்வாதத்தின் அக்கா கிரேஸ், கடம்பத்தூரில் இதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே ரயிலேறி வந்தார். ஆஸ்பத்திரியில் தம்பி இட்லி தின்றுகொண்டிருந்ததைக் கண்டதும் முதுகில் ஒன்று வைத்தார். நான் ஆசீர்வாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

எனக்கு அறுபத்தேழு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். பிறகு வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். பன்னிரண்டாம் நாள் ஆசீர்வாதத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மனைவி மேரி வந்து என்னைக் கூப்பிட்டார்.

ஆசீர்வாதத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. சின்ன வயதில் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இருபது வருடமாக அந்தக் கம்பெனியில் ரப்பர் அரைக்கும் மிஷின் ஓட்டுகிறார். எண்பத்து நான்கு கிலோ. சர்க்கரை நோய் உண்டு. இன்னொரு நோயும் உண்டு, அதற்கு மாத்திரை கிடையாது. யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. வழி கேட்டால் தெரியாத ஊருக்கும் வழி சொல்லி அனுப்புவார். கம்பெனியில் பாதிப் பேருடைய ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை இவர்தான் பார்த்திருக்கிறார்.

வலது கால் பரவாயில்லை. இடது பாதத்தில் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். மூன்று வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சர்க்கரையை இருநூறுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஒட்டிய தோல் நிற்காது, புண் அழுகும், பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னபோது ஆசீர்வாதம் சரி சார் என்றாராம். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அவர் வீடு திரும்பிய அன்றே கம்பெனி கேமராவில் பதிவான காட்சி ஒன்று வெளியே வந்து எல்லோர் போனிலும் ஓடியது. புகைக்குள்ளிருந்து ஒரு கனத்த மனிதர் வெறுங்காலோடு, இன்னொருவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். இழுத்தவர் ஆசீர்வாதம். இழுபட்டவர் சூப்பர்வைசர் மணவாளன். சட்டை கழுத்துக்கு ஏறி, வயிறு முழுக்க வெளியே தெரிய, மணவாளன் தரையோடு வருவார்.

மறுநாளிலிருந்து சேனல்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் ஒன்பது. உயிரைத் துச்சமாக மதித்து எதற்காகத் திரும்பி உள்ளே போனீர்கள் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். முதல் நாள் ஆசீர்வாதம் உண்மையைச் சொன்னார். டிபன் கேரியரை எடுக்கப் போனார். அது மேரியின் கல்யாணச் சீர். போகிற வழியில், பொரி மூட்டைகளுக்குப் பின்னால் மணவாளன் படுத்திருந்தது தெரிந்தது. பூஜைப் பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கிய மனிதர் புகையில் மயங்கியிருந்தார். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று ஆகிவிட்டதால் இவர் கேரியரை விட்டுவிட்டார்.

எந்தச் சேனலும் கேரியரைக் காட்டவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர்களே கேட்டார்கள், இவர் ஆமாம் என்றார். அலறல் கேட்டதா? ஆமாம். கடவுள் கூப்பிட்டது போல இருந்ததா? ஆமாம். அந்த நேரம் மனைவியின் முகம் கண் முன்னால் வந்ததா? அதற்கும் ஆமாம். அடுப்படியிலிருந்து மேரி குரல் கொடுத்தார்.

"என் மூஞ்சி வந்திருந்தா கேரியரும் வந்திருக்கும்."

அதையும் வெட்டிவிட்டார்கள்.

எனக்கு அவர்கள் எதை வெட்டினார்கள் என்பது கவலையில்லை. என் கவலை டீ. வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் டீ வரும். வந்தவர்கள் தனியாகக் குடிக்கக் கூடாது என்பதால் ஆசீர்வாதமும் ஒரு கிளாஸ் குடிப்பார், சர்க்கரையோடு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சேனல் வராத நாளில் நூற்று எழுபது. ஒரு சேனல் வந்தால் இருநூற்று நாற்பது. மூன்று வந்த நாளில் முந்நூற்றுப் பத்து. டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்ற வேண்டுமா என்று யோசித்தார். சேனலை மாற்றினால் போதும் என்றேன்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு மேரி மோர் கொடுத்தார். கட்டைப் பிரித்துப் புண்ணைக் காட்டச் சொன்னவர்களை நான் வெளியே அனுப்பினேன். எப்படியோ பதினெட்டு நாள் ஓட்டிவிட்டோம். தோல் பிடித்திருந்தது. குதிகால் ஓரத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

அன்றைக்குப் பஞ்சு வாங்க நான் பஜாருக்குப் போயிருந்தேன். மேரி ரேஷன் கடையில் இருந்தார். திரும்பி வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. பிரித்த கட்டுத் துணி அழகாகச் சுருட்டித் தலையணை மேல் வைக்கப்பட்டிருந்தது. சுத்தமான மனிதர், எதையும் இறைக்க மாட்டார். பக்கத்து வீட்டில் விசாரித்தோம். விபத்தின் முப்பதாம் நாள் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஒரு சேனலின் கார் வந்து, ஒற்றைக் காலில் நொண்டி வந்தவரைக் கூட்டிப்போயிற்றாம். கம்பெனி கேட்டிலிருந்து தீப்பிடித்த இடம் வரை, அன்று நடந்த அதே வெறுங்காலோடு ஆசீர்வாதம் நடந்து காட்ட வேண்டும். நேரலை. போனில் கேட்டார்களாம். இவர் சரி என்றாராம்.

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். வழி முழுக்க மேரி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

கேட்டுக்குள் ஆசீர்வாதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இன்னொன்றில் காலை நீட்டியிருந்தார். அவருக்கு முன்னால் நாற்பது அடிக்கு ஜல்லியும் கருகின ரப்பர் சாம்பலும். செய்தியாளர் இளமதி என்ற பெண். பொதட்டூர்பேட்டைக்காரி, வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு அவளே வெளிறிப் போயிருந்தாள். அந்த ஜல்லியில் நான்கு அடி வைத்தால் ஒட்டின தோல் உரிந்து வந்துவிடும், அப்புறம் காலை வெட்டத்தான் வேண்டும் என்று சொன்னேன். காதிலிருந்த கருவி வழியாகச் சென்னை அலுவலகத்துக்கு அப்படியே சொன்னாள். பதிலைக் கேட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"சாக்ஸ் போட்டுக்கலாமான்னு கேக்குறாங்க."

மேரி அப்போது வாயைத் திறந்தார். அவர் சென்னை அலுவலகத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். ஆசீர்வாதம் மட்டும் அமைதியாக, நாலே நிமிஷம் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும், பார்த்துப் பார்த்து வைத்து நடந்துவிடுகிறேன் என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளை அழுத்திப் பிடித்தேன். ஆனால் எண்பத்து நான்கு கிலோவை எவ்வளவு நேரம் அழுத்த முடியும்?

மணவாளனையும் அவர்கள் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்குக் கொடுத்த வேலை, அன்று கிடந்த அதே இடத்தில் மயங்கிக் கிடப்பது. சாம்பலில் ஒரு செய்தித்தாளைக்கூட விரித்து வைத்திருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு வாட்டி படுறா மணவாளா. பாவம், அந்தப் பொண்ணு பேஜாராயிக்கினு கீது," என்றார் ஆசீர்வாதம்.

"முடியாது நைனா. பதினெட்டு நாளா எல்லார் போன்லயும் படுத்துக்கினுதான் கீறேன். எங்க மாமியா ஊட்டுல பேரு சொல்லிக் கூப்புடறதில்ல, வயிறுன்னு கூப்புடறாங்க. இன்னிக்கு நான் நின்னுக்கினுதான் டீவியில வருவேன்."

"நீ நின்னா நான் யாரை இழுக்கறது?"

மணவாளன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு நாற்காலிக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"நீ ஒண்ணும் இழுக்க வாணாம். ஏறு."

மணவாளன் ஐம்பத்தெட்டு கிலோ இருப்பார். இளமதி கையைக் காட்டியதும் நேரலை தொடங்கியது. அவர் ஆசீர்வாதத்தை முதுகில் சுமந்து எழுந்தார், ஆடினார், நின்றார், நடந்தார். இடது பாதம் எதிலும் இடிக்காமல் இருக்க நான் அதைப் பஞ்சுத் துணியில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். மேரி பின்னால் வந்து புருஷனின் இடுப்பைத் தாங்கினார். பாதி வழியில் மணவாளனின் முழங்கால் மடங்கியது. ஆசீர்வாதம் அவர் காதில், இறக்கி விடுடா என்றார். இறக்கினால் என்னைத் தாண்டித்தான் இறக்க வேண்டும் என்று மேரி சொன்னார். மணவாளன் திரும்பவும் நிமிர்ந்தார். நாற்பது அடியும் போனார்கள். பாதம் தரையைத் தொடவில்லை.

சென்னை அலுவலகத்துக்கு ஏக சந்தோஷம். நடப்பதைவிட இது நன்றாக இருக்கிறதாம். அன்று சாயங்காலமே மற்ற எட்டுச் சேனல்களும் மணவாளன் வீட்டுக்குப் போய்விட்டன. அவரை எங்கே வேண்டுமானாலும் நடக்க வைக்கலாம், எத்தனை டீ வேண்டுமானாலும் குடிப்பார். மாமியார் வீட்டிலும் இப்போது மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார்களாம்.

ஆனால் கட்டில்லாமல் ஒரு மணி நேரம் திறந்து கிடந்த புண்ணில் சாம்பல் விழுந்திருந்தது. நான் கழுவினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. குதிகால் ஓரம் சிவந்தது. டாக்டர் ஊசி எழுதினார், நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்போம் என்றார். அந்த இரண்டு நாளும் போன் அடித்தால் மேரி எடுத்து, ஆள் இல்லை என்று வைத்தார். இரண்டாம் நாள் காலை கட்டு மாற்றும்போது ஆசீர்வாதம் கேட்டார்.

"எடுத்துருவாங்களா சிஸ்டர்?"

தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

சாயங்காலம் பார்த்தேன். தாண்டவில்லை. மறுநாள் கோட்டுக்கு உள்ளே அரை விரல் சுருங்கியிருந்தது. அந்த வாரம் வங்கக் கடலில் புயல் ஒன்று உருவாயிற்று. சேனல் வண்டிகள் எல்லாம் மணவாளனையும் விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடின. தெருவில் ஒரு வண்டி இல்லை. சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு.

நாற்பத்தொன்பதாம் நாள் டாக்டர் அனுமதி கொடுத்தார். சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்துச் செருப்பு இன்னும் தைத்து வரவில்லை. அதனால் தரையில் வெள்ளைத் துணியை விரித்து, இரண்டு பக்கமும் நானும் மேரியும் பிடித்துக்கொள்ள, ஆசீர்வாதம் எழுந்தார். வலது காலை வைத்தார். இடது காலை ரொம்ப நேரம் தூக்கியே வைத்திருந்தார். மேரி, அடுப்பில் சோறு இருக்கிறது, வைக்கிறதானால் வை என்றார். வைத்தார். ஆறு அடி நடந்து உட்கார்ந்தார்.

குனிந்து துணியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் அழுக்கு இருந்தது. ரத்தம் இல்லை, ஈரம் இல்லை. நோட்டில் எழுதிவிட்டு, துணியைத் துவைக்கப் போட்டேன்.