தலைகீழ்ப் பை

மூட்டையைக் கட்டியிருக்கும் கம்பிக்கு நடுவே மூக்கை நுழைத்துப் பெர்லிட்டா மோந்து பார்க்கிறாள். "கொரியா. கோட்டு நெறைய கெடக்கும், பேன்ட் தேறாது. எடு." பழந்துணி மூட்டையைப் பிரிக்காமல்தான் வாங்க வேண்டும், பிரித்த பிறகு அழுது பயனில்லை. அதனால் பாகியோ மலைச்சந்தையில் பக்கத்துக் கடைக்காரிகள் அவள் மூக்கை இரவல் கேட்டு வருவார்கள்.

வெளிநாட்டுப் பழந்துணி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், சந்தை பாட்டுக்குச் சந்தை. இந்த ஊர்க் குளிருக்கு டீச்சரம்மாவும் பழைய கோட்டுதான், பன்றி வெட்டுபவரும் பழைய கோட்டுதான். தையற்கடைகள் புதுத்துணி தைப்பதை விட்டு, ஆறடி ஆளின் சட்டையை ஐந்தடிக்கு வெட்டிக்கொடுத்துப் பிழைக்கின்றன.

"செத்தவங்க துணியா மனாங்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். மனாங் என்றால் எங்களுக்கு அக்கா.

"செத்தவன் எவன்டா பட்டனைத் தெறிக்க விடுவான்? தின்னு பெருத்தவங்க துணி. ராசியான துணி!"

ஓட்டையைக் காட்டினால், "மூச்சு விட வேணாமா?" என்பாள். தானாக ஒரு கிழிசலையும் தைத்துக் கொடுத்ததில்லை. எதிரே காப்பி விற்கும் எனக்கு அதன் காரணம் தெரியும். ஊருக்கு வெளியே ஓர் ஏற்றுமதி ஆலை இருந்தது. அங்கே இவள் வருஷக்கணக்கில் கோட்டின் உள்பையை மட்டுமே தைத்தாள். முழுக் கோட்டை ஒருநாளும் மடியில் வைத்துப் பார்த்ததில்லை. கூலி மலிந்த வேறு நாட்டைத் தேடி ஆலை போய்விட்டது. அன்றோடு இவள் ஊசியைத் தொடுவதை விட்டாள். அங்கே வரிசையாக உட்கார்ந்து தைத்தவர்கள், இங்கே வரிசையாகக் கடை போட்டிருக்கிறார்கள்.

போணி விஷயத்தில் மட்டும் அவள் கோழை. முதலில் வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று நடுங்குவாள். அடிமாட்டு விலைக்காவது தள்ளிவிடுவாள்.

சென்ற வாரம் முதல் ஆளாக வந்தவன் பொன்டோக் போகும் பஸ்ஸின் கண்டக்டர் டெல்ஃபின். ஒரு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, சீப்பை எடுத்து உள்பையில் செருகினான். சீப்பு தரையில் விழுந்தது. பையின் வாய் கீழே பார்த்திருந்தது.

"எந்தக் குடிகாரி தச்சது மனாங் இது?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

பெர்லிட்டா கோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். கழுத்துப்பட்டையில் அந்த ஆலையில் கோட்டு தைக்கக் கொடுத்த கம்பெனியின் பெயர். பையின் மூலையில் அவள் வழக்கமாகப் போடும் மூன்று மடிப்புத் தையல்.

"நான்தான்டா அந்தக் குடிகாரி" என்றாள். "பக்கத்து மிஷின்காரியோட வாய்ச்சண்டை போட்டுக்கிட்டே தச்சேன். பார்க்கிறதுக்குள்ள கோட்டு அடுத்த மேஜைக்குப் போயிடுச்சு. பயத்துல வாயே தெறக்கல. ஆலையை மூடினப்ப, இந்தப் பையாலதான் மூடிட்டாங்கன்னு நெனச்சேன்டா. எத்தனை பேர் சோறு போச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பை கெடக்கட்டும், பாதி விலைக்குக் குடு" என்றான் டெல்ஃபின். பஸ் ஹாரன் அடித்தது.

"சரி பண்ணாம தரமாட்டேன்."

"மனாங், பஸ் கெளம்புது. நான் போனா உன் போணிதான் போகும்!"

"போனாப் போகட்டும்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஜிப் மாற்றித் தருபவரிடம் ஊசியும் நூலும் வாங்கி, பையைப் பிரித்து, வாயை மேலே திருப்பி, மூலைக்கு மூன்று மடிப்பு வைத்துத் தைத்தாள். கை கொஞ்சமும் தயங்கவில்லை. ஹாரன் இடைவிடாமல் அலறியது. டெல்ஃபின் பஸ்ஸைப் பார்த்துக் கையைக் காட்டிக் காட்டி, தவித்துக்கொண்டு நின்றான்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை முழுதாக மடியில் விரித்து, மணிக்கட்டு வரை கையை உள்பைக்குள் விட்டாள்.

"குடு மனாங்!" என்று அவன் கை நீட்டினான். அவள் கையை வெளியே எடுக்கவில்லை.