தளர்வாக அடித்த பாய்

1. சேர்த்துக்கொண்ட விதம்

இப்போது வேகப்பந்து வீசுகிற பையன்களைப் பார்க்கிறேன். தோளைப் பிடித்துவிட ஓர் ஆள், முழங்காலில் ஐஸ் வைக்க ஓர் ஆள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல இன்னோர் ஆள். எழுபதுகளில் தென்காசிப் பக்கம் வேகப்பந்து வீச்சாளன் என்றால் பஞ்சாலையில் நூல் மூட்டை தூக்குகிறவன் என்று அர்த்தம். மட்டை பிடிக்கிறவர்கள் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார்கள். மூட்டை தூக்கும் தோள் பந்தையும் வேகமாக வீசும் என்பது எங்கள் மில் மேனேஜர் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

நான் இலஞ்சிக்காரன். பள்ளிக்கூட அணியில் வீசியதைக் கேள்விப்பட்டு மேனேஜர் வரச் சொல்லியிருந்தார். என்ன படித்தாய், அப்பா என்ன செய்கிறார் என்று ஒன்றும் கேட்கவில்லை. குடோனுக்குப் பின்னால் கூட்டிப்போய், டையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, அவரே மட்டையோடு நின்றார்.

"ஏலே குமாரு, வேகமா போடுவேன்னு சொல்லுதாங்க. எங்க, போடு பாப்போம்."

மூன்றாவது பந்து அவர் தொடையில் பட்டது. நொண்டிக்கொண்டே ஆபீஸுக்குப் போய் என்னைப் பதிலியாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பதிலி என்றால் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் வேலை. மற்ற நாட்களில் ஆபீஸர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீச வேண்டும். தொடையில் அடித்து வேலை வாங்கியவன் நான். அதற்குப் பிறகு ஒரு பந்துகூட அவர் மேல் படக் கூடாது என்பது அந்த வேலையின் நிபந்தனை.

மில் அணிக்கு அவர்தான் கேப்டன். ஸ்டோர் கிளார்க்தான் அம்பயர். எல்.பி.டபிள்யூ. என்று ஒரு விதி இருப்பது மேனேஜர் ஆடும்போது மட்டும் அந்த அம்பயருக்கு மறந்துவிடும். நாலு ரன் எடுத்துவிட்டு வந்தால், இன்றைக்குப் பந்து மட்டைக்குச் சரியாக வரவில்லை என்பார் மேனேஜர். நாங்கள் ஆமாம் சார் என்போம்.

2. பாய்

எங்களுக்குப் புல்தரை பிட்ச் கிடையாது. செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி, அதன்மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரமெல்லாம் நீளமான இரும்பு ஆணி அடிப்போம். இதற்கு மேட்டிங் விக்கெட் என்று பெயர். பாய் கொல்லத்திலிருந்து ரயிலில் செங்கோட்டைக்கு வந்து இறங்கும். ஆணி வைத்த ஷூ போட்டால் பாய் கிழிந்துவிடும். அதனால் கான்வாஸ் ஷூவில்தான் ஓடிவந்து வீசுவோம்.

பாயை விறைப்பாக இழுத்து அடித்தால் பந்து விழுந்ததும் சீறி எழும். தளர்வாக விட்டால் பாய் பந்தின் பாதி வேகத்தைத் தின்றுவிட்டுத்தான் விடும். எப்படி அடித்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. குனிந்து கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்த பெரிய மனிதர் எவரையும் நான் கண்டதில்லை.

பாய் அடிப்பது எங்கள் மில்லில் பவுலர் வேலை. பேட்ஸ்மேன்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் வருவார்கள். நானும் விக்கெட் கீப்பர் செல்லையா அண்ணாச்சியும் விடிந்ததும் போய்விடுவோம். அண்ணாச்சி மில்லில் ஃபிட்டர். பாயை இழுத்துப் பிடிக்கத் தனியாக ஒரு கொக்கியே செய்து வைத்திருந்தார். அவர் இழுக்க, நான் சுத்தியலால் அடிப்பேன்.

3. சாரலுக்கு வந்தவர்

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக்குப் பெரிய மனிதர்களும் வந்துவிடுவார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பார்கள். பங்களாவுக்குத் திரும்பித் தின்பார்கள், தூங்குவார்கள். நாலு நாளில் அதுவும் சலித்துவிடும். அவர்களுக்குப் பொழுது போவதற்காக எங்கள் மில் வருஷத்துக்கு ஒரு மேட்ச் வைக்கும். விருந்தாளிகள் ஓர் அணி, மில் ஓர் அணி.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பவர்களில் ஒருவர். முகாமுக்குப் போனால் மெட்ராஸில் ஏதாவது ஒரு கம்பெனி வேலை கொடுத்து ஆடச் சொல்லும். பந்து வீசுவது மட்டும்தான் வேலை, மூட்டை கிடையாது. ஆனால் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இருபத்துநாலு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இந்த ஒரு மேட்சை விட்டால் வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவருக்கு அம்பது வயசு ஆகுது. நாளைக்கு அவரு நல்லா ஆடணும், கேட்டியாலே? பாயைக் கொஞ்சம் தொளதொளன்னு விட்டு அடி. அவரு சந்தோசமா இருந்தாத்தான் உன் பேரை நான் சொல்ல முடியும்."

மேனேஜருக்கு மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அன்று எனக்குப் பட்டது. பெரிய மனிதரை முகம் கோணாமல் வைத்தால் நமக்கு நல்லது செய்வார் என்று நினைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருந்தால் யாராவது எழுதி அனுப்புங்கள்.

மறுநாள் காலையில் பாயை இழுக்க வேண்டாம் என்றதும் செல்லையா அண்ணாச்சி கொக்கியைக் கீழே போட்டுவிட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நான் சுத்தியலை எடுத்து அடித்தேன். ஆணிக்கு ஆணி பாய் தொய்ந்து கிடந்தது. சாரல் வேறு தூறி, நார் ஊறிப் போயிருந்தது.

தேர்வாளர் வெள்ளைத் தொப்பி, பட்டுக் கைக்குட்டை சகிதம் வந்து நின்றார். நான் முழு வேகத்தில்தான் ஓடிவந்தேன். பந்து விழுந்தது, பாய் தின்றது, முட்டி உயரத்தில் மெதுவாகப் போனது. அவர் சாவகாசமாகக் காலை நீட்டி அடித்தார். பந்து பின்னால் போய்ச் சேராததால் செல்லையா அண்ணாச்சி இரண்டாவது ஓவரிலேயே ஸ்டம்புக்கு அடுத்து வந்து குந்திக்கொண்டார். வேகப்பந்து வீச்சாளனுக்குக் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆறு ஓவர் போட்டேன். விக்கெட் இல்லை. அவர் ஐம்பத்திரண்டு ரன் அடித்து, களைத்து, தானாகவே வெளியேறினார்.

டீ குடிக்கும்போது மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் பேரைச் சொன்னார். வேகமாகப் போடுவான், முகாமுக்குப் பார்க்கலாமே என்று இழுத்தார்.

தேர்வாளர் சிரித்தார். "ஃபாஸ்ட் பவுலரா? கீப்பர் ஸ்டம்ப்கிட்ட நின்னுண்டு பிடிக்கறான். எனக்கு இந்த வயசுல இவனை அடிக்க முடியறதுன்னா, முகாம்ல இருக்கற பசங்க என்ன பண்ணுவாங்க?"

மேனேஜர் உடனே கூடவே சிரித்தார். தானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், பையன் சுமார் வேகம்தான் என்றும் சொன்னார். பாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அழுகை வந்தது. டம்ளர் கழுவப் போகிற மாதிரி குழாயடிக்குப் போய்விட்டேன். மூன்று மாதத்தில் மேனேஜருக்கு நாற்காலி கிடைத்தது.

4. அடுத்த வருஷம்

தேர்வாளருக்கு எங்கள் மைதானம் ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? அடுத்த சீசனுக்கும் வந்தார். மேனேஜர் அதே உத்தரவைப் போட்டார். சரி சார் என்றேன்.

விடியற்காலையில் செல்லையா அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் கொக்கியை எடுத்தார். அன்று நாங்கள் அடித்த பாயில் கையால் தட்டினால் பலகை மாதிரி சத்தம் வந்தது. சாரலும் அன்று ஏமாற்றிவிட்டு, நல்ல வெயில்.

முதல் பந்துக்கே அண்ணாச்சி பதினைந்து கஜம் பின்னால் போய் நின்றார். அது தேர்வாளரின் காதோரமாகப் போனது. தொப்பி கீழே விழுந்தது. இரண்டாவது பந்து விலாவில். மூன்றாவது யார்க்கர், நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. மிட் ஆஃபில் நின்ற மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் பதிலிச் சீட்டு கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். அன்று எனக்கு ஏழு விக்கெட்.

டீ நேரத்தில் தேர்வாளர் தானாகவே என்னிடம் வந்தார். விலாவைத் தடவிக்கொண்டிருந்தாலும் கோபமில்லை. மெட்ராஸில்கூட இப்படி வேகம் பார்க்கவில்லை என்றார். கிரிக்கெட் தெரிந்த மனிதர்தான், அதை மறுக்க முடியாது.

"போன வருஷம் நீ எங்கப்பா இருந்தே?"

"இங்கனதான் சார் இருந்தேன். உங்களுக்கு ஆறு ஓவர் போட்டேன்."

"அது யாரோ ஸ்லோ பவுலராச்சே?"

"நான்தான் சார். பாய் தளர்வா கிடந்துச்சு."

தேர்வாளர் வயசு என்ன என்று கேட்டார். தை மாதத்தோடு இருபத்தஞ்சு முடிந்துவிட்டது என்றேன். உச்சுக் கொட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"பாயை யார் அடிச்சது?"

மேனேஜர் நாலடி தள்ளி மங்குஸ்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது. அடிக்கச் சொன்னது யார் என்று தேர்வாளர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை அவர் கேட்கவில்லை.

"நான்தான் சார் அடிச்சேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேனேஜர் நீட்டிய பழத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எண்பத்தாறு வரை மில்லுக்கு வீசினேன். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேகமாகப் போடுகிற ஆள் வேறு இல்லை. மேனேஜர் மாவட்டச் சங்கத்தில் மேலே மேலே போனார். அவரை ரொம்ப வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போதும் திட்டுகிறேன், அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தளர்வாக அடி என்று சொல்லுகிறவன் எல்லா ஆபீஸிலும் இருப்பான். நாளைக்கு ஒருவன் வந்து யார் அடித்தது என்று மட்டும் கேட்பான். அப்போது சுத்தியல் பிடித்த கை உங்களுடையதாகத்தான் இருக்கும்.