கடிதக் காட்சியில் ஓர் இருமல்

பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்வது அவர் வேலை. இரைச்சல், கரகரப்பு எதையும் விட்டுவைக்க மாட்டார். ஸ்டுடியோவில் நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். புதுப் படம் போலப் பளிச்சென்று கேட்காவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு இரண்டு வயதானபோதே இறந்துபோன அப்பா, சினிமாவில் ஒரு லைட்மேன். அப்பா வேலை பார்த்த படமே மகன் கைக்கு வந்தது. மூன்று மாதம் உயிரைக் கொடுத்துத் துடைத்தார். மிச்சமிருந்த ஒரே பழைய சுருளையும் அதன் நகலையும், இனி எதற்கு என்று அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவரேதான்.

பிறகு அம்மாவை அழைத்துவந்து போட்டுக் காட்டினார்.

"நேத்து எடுத்த படம் மாதிரி இருக்கேப்பா!" என்றார் அம்மா. கதாநாயகி கடிதம் படிக்கும் காட்சி வந்ததும் எங்களைக் கையமர்த்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். காட்சி முடிந்தது.

"இங்க ஒரு இருமல் கேக்குமே, அது எங்க போச்சு?"

"ஷூட்டிங்ல யாரோ இருமினது பதிவாயிருச்சும்மா. ரெண்டு நாள் போராடி எடுத்துட்டேன்."

"யாரோ இல்லப்பா, உங்கப்பா. அவர் குரல்னு இருந்தது அது ஒண்ணுதான்."

துடைப்பம் சத்தத்தை முழுக்கக் கூட்டி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.