அக்கா எழுதாமல் போன வரலாற்றுத் தாள்

அக்காவின் திதிக்காக வரும் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுகிறேன். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தா என்று சித்தி கேட்டார்கள். நல்லதை எழுதுகிறேன். கூடவே, அக்கா போன பிறகு இந்த வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அப்பா பிழைப்புத் தேடி மலையாளக்கரையில் உள்ள இந்த ஆரியசாலைக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. நான் வெகுகாலம் கழித்து இங்கே பிறந்தவள். அப்பா காலமானதும் அக்கா பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே பூஜைச் சாமான் மொத்தக் கடையில் சேர்ந்தார். டின்னில் வரும் சூடத்தைச் சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போட்டு ஒட்டுகிற வேலை. அந்த வேலையில்தான் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னையும் வளர்த்தார். சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போதே சூட வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். அதை மோந்துதான் நான் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்காருவேன்.

அப்படி உட்கார்ந்தும் என்ன பயன்? பிளஸ் டூவில் வரலாற்றில் கோட்டை விட்டேன். இனி புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அக்கா திட்டவில்லை. "நீ எழுதாட்டா போ, நான் எழுதுதேன்" என்று சொல்லி, வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கான பிளஸ் டூ பரீட்சைக்குப் பதிந்துவிட்டார். அப்போதே காதோரம் நரை தட்டியிருந்தது. மற்ற பாடமெல்லாம் தேறினார். வரலாறு மட்டும் அவரையும் வருஷா வருஷம் காலை வாரிவிட்டது.

அவர் படிக்கிற விதமே தனி. கடையில் கை பாக்கெட் போடும், வாய் பதில் சொல்லும். வீட்டில் விளக்கேற்றியதும் அவர் அடுக்களையில் நிற்பார். நான் முன்னறையிலிருந்து கேள்வியை வாசிப்பேன். பதில் உள்ளேயிருந்து வரும்.

"செத்துப்போனவங்க கதையெல்லாம் நமக்கு எதுக்குக்கா?"

"செத்தவங்க சும்மா கெடக்க மாட்டாங்கட்டி. விட்ட எடத்துல வந்து நின்னு கேப்பாங்க. நீ கேள்விய வாசி."

ஹரப்பா நகரங்கள் மறைந்தது ஏன் என்று ஒரு கேள்வி. மழை பொய்த்தது, காடு அழிந்தது, வெள்ளம் வந்தது, ஆறு திசை மாறியது என்று கடகடவென்று சொல்வார். கடைசிக் காரணத்தில் நின்றுவிடுவார்.

"கடைசி என்னதுட்டி? ஓர்மையே வர மாட்டேங்கு."

"எல்லாரையும் சேத்துப் புடிச்சு வச்சிருந்த ஒண்ணு இல்லாமப் போச்சுக்கா."

"ஆங், அதேதான்" என்பார். மறுநாள் மறுபடியும் மறந்திருப்பார்.

போன வருஷம் ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் தலைவலி என்று உட்கார்ந்தார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டிலில் கிடந்துகொண்டு "கேளுட்டி" என்றார். அந்த ஹரப்பா கேள்வியைத்தான் கேட்டேன். ஆறு திசை மாறியது வரை சொன்னார். கடைசிக் காரணத்துக்கு வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தார். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் கண் நிலைத்துவிட்டது. வாய் திறந்தபடியே இருந்தது.

பதினாறாம் நாள் காக்கைக்குச் சோறு வைத்தோம். காகம் வந்து மதிலில் உட்கார்ந்தது, சோற்றைத் தொடவில்லை. போனவர்களுக்கு மனக்குறை இருந்தால் அப்படித்தான். அதைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் எடுக்கும். "ஒன் தங்கச்சிய நாங்க பாத்துக்கிடுதோம் மக்களே" என்று அக்காவிடம் பேசுவதுபோல் காகத்திடம் சொன்னார் சித்தி. அசையவில்லை. "அவளுக்கு நல்ல எடத்துல கல்யாணம் முடிச்சு வைக்கோம்" என்றார். காகம் முதுகைத் திருப்பிக்கொண்டது. அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை முதலாளி அண்ணாச்சி அக்கா படத்தைக் கடையில் மாட்டுவதாகச் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"ஒன் பரீட்சைய நான் எழுதுதேன்க்கா" என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது. தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள் நான், புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள். காகம் இறங்கி வந்து ஒரு பருக்கை விடாமல் தின்றது. "நீ எழுதித் தேறிட்டா அவ நிம்மதியாப் போயிருவா" என்றார் சித்தி.

அடுத்து வந்த வரலாற்றுப் பரீட்சைக்கு என் பெயரில் பதிந்தேன். வாக்குக் கொடுத்த அன்று முதல், வேலை முடிந்து வந்து விளக்கேற்றிப் புத்தகத்தைப் பிரித்தால் அடுக்களையில் சூட வாசம் எழும். வீட்டில் ஒரு துண்டு சூடம் கிடையாது. முதல் நாள் செருப்புகூடப் போடாமல் சித்தி வீட்டுக்கு ஓடினேன். பிறகு பழகிப்போனது. கேள்வியை உரக்க வாசிப்பேன். காதில் ஒன்றும் விழாது, ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருக்கும், நான் புரட்டாத பக்கத்துப் பதில்கூட. தப்பாகச் சொன்னால் உள்ளே ஏதாவது ஒரு பாத்திரம் உருளும். ஹரப்பா கேள்விக்கு மட்டும் வாசம் அடுக்களையைத் தாண்டி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். கடைசிக் காரணத்தை நான் சொல்லவே மாட்டேன். சொல்லாதவரை நிற்கும் அல்லவா? தேறினால் அக்கா போய்விடுவார் என்று சித்தி சொல்லியிருந்தார். எனக்கு அவர் போக வேண்டாம். வாக்கும் கொடுத்தாயிற்று. எந்தப் பக்கம் போவது?

பரீட்சையன்று பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், ஒன்றுமே வேண்டாமல் உடைத்தேன்.

வினாத்தாளில் அந்த ஹரப்பா கேள்வி வந்திருந்தது. வாசித்ததுமே சூட வாசம். பிரமை என்றுதான் நினைத்தேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஆரெங்கிலும் கர்ப்பூரம் கொண்டு வந்நோ?" என்று மலையாளத்தில் கேட்டார். யார் சூடம் கொண்டுவருவார்கள் பரீட்சைக்கு? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன். ஆறு திசை மாறியது வரை எழுதினேன். பேனா நின்றது. இதையும் மீதியையும் எழுதாமல் தாளைக் கொடுத்துவிடலாம். அடுத்த வருஷமும் தோற்கலாம், அதற்கடுத்த வருஷமும் தோற்கலாம். அக்கா கூடவே இருப்பார். தோற்பது எனக்குப் புதிதா என்ன?

ஆஸ்பத்திரியில் திறந்தபடி இருந்த அந்த வாய் நினைவுக்கு வந்தது. எத்தனை காலம் அதை அப்படியே நிறுத்தி வைப்பேன்? எழுதினேன். எல்லோரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த ஒன்று இல்லாமல் போயிற்று. முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சாக்பீஸ் வாசம் மட்டும்தான் இருந்தது.

தேறிவிட்டேன். செய்தி வந்த அன்று விளக்கேற்றி, பழக்கதோஷத்தில் ஒரு கேள்வியை உரக்க வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு வெடிக்க அழுதேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு விழித்திருந்த சித்திக்கும், கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த முதலாளி அண்ணாச்சிக்கும், படிக்க விடுப்புத் தந்த லாட்ஜ் மேனேஜருக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வருஷத் திதிக்கு என்று அண்ணாச்சி கடையிலிருந்து சூடம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வருகிறவர்கள் அக்கா படத்துக்குப் பூப் போடுங்கள், விளக்கேற்றுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். சூடம் மட்டும் ஏற்றாதீர்கள். அந்த வாசம் வந்தால் நான் அடுக்களையைத் திரும்பிப் பார்த்துவிடுவேன்.