பெலாகியா கீரை பறிக்கும் இடம்

பெலாகியாவின் வண்டி காலையில் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் இறங்கினால், அவள் மலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். மலைப்பக்கம் ஏறினால் என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சில நாள் உண்மையாகவே மலைக்குத்தான் போவாள்.

எங்கள் ஊரில் யாரையும் எதையும் கேட்கலாம். மகனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கலாம். அறுவை செய்த தழும்பைக் காட்டச் சொல்லலாம். கீரை எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் பதில் வரும். நம்பிப் போனால் அங்கே கல்லும் ஆட்டுப் புழுக்கையும் கிடக்கும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. வாசலில் நின்று கேட்டவனை உள்ளே விடாமல், ஆனால் முகம் கோணாமல் அனுப்பிவைக்கும் ஒரு வழி, அவ்வளவுதான்.

அதிலும் ஸ்தம்நாகாதி என்றால் கேட்கவே வேண்டாம். முட்புதரின் நடுவில், யாருக்கும் பிடிகொடுக்காமல் வளரும் கசப்புக்கீரை. கிரேத்தா தீவு முழுவதும் அது இருக்கிறது என்பார்கள். ஆனால் மழை விட்ட மறுவாரம் கத்தியோடு போகிறவனுக்குத்தான் அது எவ்வளவு குறைச்சல் என்று தெரியும். பெலாகியா கொண்டுவரும் கீரை மட்டும் கை நிறைய, மண்ணில்லாமல், சிவந்த காம்போடு இருக்கும். கணவன் நிகிஃபோரோஸின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போவாள், தூரத்திலிருந்து பார்த்தால் ஆண் என்று நினைக்கட்டும் என்று. வேரை விட்டுவிட்டு மேலே அறுப்பாள். பாதியை வேகவைத்து எலுமிச்சையும் எண்ணெயும் ஊற்றி வீட்டுக்கு எடுத்துக்கொள்வாள். மீதி அவளுடைய ரொட்டிக்கடை அடுப்புக்குப் போகும். சதுக்கத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கும் அவளுடைய ரொட்டி அடுப்புக்கும் ஒரே சுவர். சனிக்கிழமைகளில் அவள் சுடும் கீரைப் பணியாரத்தின் வாசனையில் எங்கள் இருமல் மருந்துகூட ருசியாகத் தெரியும்.

மேட்டுக்குடியிருப்பில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிக் கீழே வந்தாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகக் கடன் கேட்பாள், அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கொடுப்பாள். கானியா நகரத்தில் இருக்கும் மகள் ஒரு தடவை, "அம்மா, எனக்காவது சொல்லும்மா, நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டதற்கு ஒரு இடம் சொன்னாளாம். மகள் மருமகனோடு போய்ப் பார்த்தாள். அங்கே தேனீப் பெட்டிகள்தான் இருந்தன.

டாக்டர் எவாந்தியா வடக்கே தெசலோனிக்கியிலிருந்து வந்தாள். காட்டுக்கீரை நிறையத் தின்கிறவர்களுக்கு மறதி தாமதமாக வருகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தோம். ஊர்க்காரர்களுக்கு ரத்தம் எடுத்தாள், கீரைகளைக் காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்தினாள், சில சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கடைசியில் அவளே யோசித்துச் சேர்த்த ஒரு கேள்வி: நீங்கள் வழக்கமாகக் கீரை பறிக்கும் இடம் எது? குளிர்காலத்தில் ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை கேட்பாள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நினைவு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. சொந்த வாழ்க்கையிலிருந்து கேட்டால் யாரும் பயப்படமாட்டார்கள் என்று நினைத்தாள் பாவம்.

பின்னறைத் திரைக்கு இந்தப் பக்கம் கடையில் நிற்கும் எனக்கு எல்லாம் கேட்கும்.

"ஆத்தங்கரையில," என்றாள் பெலாகியா முதல் தடவை.

"யாரோட போவீங்க?"

"நீ குளிக்கப் போறப்ப யாரையாவது கூட்டிட்டுப் போவியா, பொண்ணே?"

வசந்தத்தில் அதே கேள்விக்கு, "பழைய களத்துமேட்டுல," என்றாள்.

முடிவுகளைக் கூட்டிப் பார்த்த டாக்டர் கடைப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். யார் அதிகமாகக் கீரை தின்கிறார்களோ அவர்கள்தான் அதிகமாக மறந்திருந்தார்கள். எதிர்வீட்டு ரொடாந்தி சமையலுக்குப் பொறுக்கிய நத்தைக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையைக் கீழே வைத்துச் சிரித்தாள்.

"யாரும் மறக்கல பொண்ணே. உன்கிட்ட மாத்தி மாத்திச் சொல்லியிருக்கோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"பாதிரியாருமா?"

"அவருதான் மொத ஆளு."

டாக்டர் அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டாள். ஊருக்கு மூளை திரும்ப வந்தது. பெலாகியா ஒருத்தி மட்டும் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுக்கோட்டிலேயே நின்றாள். சொற்களில் இரண்டை விட்டுவிட்டு, சொல்லாத 'தக்காளி'யைச் சேர்த்திருந்தாள். கடிகாரம் வரையச் சொன்னதற்கு இரண்டு முள்ளையும் ஒரே எண்ணில் வைத்திருந்தாள். ஆனால் பெலாகியா கடிகாரம் பார்த்து நாங்கள் கண்டதில்லை. ரொட்டியின் நிறத்தைத்தான் பார்ப்பாள்.

டாக்டர் நிகிஃபோரோஸைக் கூப்பிட்டு அனுப்பினாள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மத்தவங்களுக்கு அந்தக் கேள்வி வேணாம். இவங்களுக்கு மட்டும் எனக்கு அதுதான் வேணும்," என்றாள் டாக்டர். "வேணும்னே மாத்திச் சொன்னாங்கன்னா கவலையில்ல, அடுத்த வருஷம் வந்து பாக்கறேன். நெசமாவே ஞாபகம் இல்லன்னா இப்பவே நகரத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுக்கணும். சீக்கிரம் ஆரம்பிக்கறது நல்லது. உண்மையான இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்கா? நான் வெறும் புருஷன்தானேம்மா."

அன்றிலிருந்து அவர் குழம்பிப்போனார். வலி மாத்திரை வாங்க வருவதுபோல் வந்து, வாங்காமல், என் மேஜையில் சாய்ந்துகொண்டு புலம்புவார். பணியாரத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. ஆனால் அவள் சண்டை போட்ட நாளெல்லாம் உப்பு கூடுதலாகத்தான் விழும். அவரை அவருடைய அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆனால் கல்யாணமான வருஷத்திலிருந்தே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். 'உன்னவிட அவன் ஒசத்தி' என்று காட்டுவதற்கு. இப்போது கோபமாக இருக்கிறாளா?

"கேட்டுப் பாக்கறதுதான?" என்றேன்.

"கேட்டேன்பா. 'நீ என்மேல கோபமா இருக்கியா'ன்னேன். 'இதுகூடத் தெரியாமதான் இத்தன வருஷம் இருந்தியா'ங்கறா. இத எப்படி எடுத்துக்கறது?"

சாப்பாட்டு நேரத்தில் இடத்தையும் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை ஆற்றங்கரை என்றாள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு மேலே என்றாள். "டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொல்லு," என்றதற்கு, "அவ எழுதி வெப்பா. அடுத்த மழைக்கு ரொடாந்தி அங்க சாக்கோட நிப்பா," என்று எழுந்துபோய்விட்டாள். சரியான பதில். நோயாளி சொல்கிற பதில் மாதிரி இல்லை. ஆனால் எழுந்துபோனவள் கோழிக்கூண்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்பதுபோல் நின்றாளாம். அல்லது கோழிகளை எண்ணினாளோ என்னவோ.

வேறு வழியில்லாமல் நிகிஃபோரோஸ் ரொடாந்தியிடம் போனார். இரண்டு பெண்களுக்கும் கீரையில் பகை. மற்றதில் ஒருத்தி வீட்டு எண்ணெய் மற்றவள் வீட்டில் இருக்கும்.

"நீ அவ பின்னாடி போயிருக்கியா?"

"போகாம? எத்தன வருஷம்! நான் வர்றது தெரிஞ்சா ஒரு கல்லுல உக்காந்து பாட ஆரம்பிச்சுடுவா. நான் காலு வலிச்சுத் திரும்புற வரைக்கும் பாடுவா. கழுதைக் குரல்."

"இப்ப சமீபத்துல?"

ரொடாந்தி நத்தை கழுவுவதை நிறுத்தினாள். "போன வாரம் பாத்தேன். மேல ஏறினா. திரும்பி எறங்கினா. மறுபடி ஏறினா. என்னை ஏமாத்தறான்னு நெனச்சேன்."

"ஏமாத்தினாளா?"

"எனக்கென்ன தெரியும்? அவ என்னைப் பாக்கவே இல்லயே."

அன்று மாலையே அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். டாக்டர் இப்படிச் சொல்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது, நீ ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போ. பெலாகியா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, நாளைக்கு வா," என்றாள். அவருக்கு அதுவே அதிர்ச்சி.

காலையில் வண்டி கடல் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு, பின்வழியாக மலை ஏறியது. வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஒரு வளைவில் அவள் நின்றாள்.

"திரும்பி நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் பாக்கக்கூடாது."

அவர் கடலைப் பார்த்து நின்றார். பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம் போயிற்று, நின்றது, வந்தது, வேறு பக்கம் போயிற்று. ஆட்டுமணி கேட்டது. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தார். பார்த்தால் இனி அவள் அவரை எதற்கும் நம்பமாட்டாள். பார்க்காவிட்டால் எதற்கு வந்தோம்? கழுத்து வலித்ததே தவிர முடிவு வரவில்லை. கடைசியில் அவளே நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். கத்தி கையில் இருந்தது. பை காலி.

"நிகிஃபோரோ, நான் சொன்ன பொய்யெல்லாம் ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு," என்றாள். "டாக்டருக்கு மொதல்ல ஆத்தங்கரை, அப்புறம் களத்துமேடு. பொண்ணுக்குத் தேனீப்பெட்டி. ரொடாந்திக்கு இடிஞ்ச மில்லு. உனக்கு ஒரு வருஷம் வெட்டுப்பாறை, இப்ப திங்கக்கெழம ஆத்தங்கரை, செவ்வாக்கெழம கோயிலு. உண்மையானது மட்டும் வரமாட்டேங்குது. இந்த வளைவு வரைக்கும் வருது. இதுக்கப்புறம் நீ சொல்லு, எந்தப் பக்கம்?"

"எனக்கு நீ சொன்னதே இல்லயே, பெலாகியா."

"ஆமா," என்றாள். "சொன்னதில்ல."

இதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு அழுகையைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. டாக்டருக்கு எதைச் சொல்வது? பொய்தான் சொன்னாள், அதுவும் உண்மை. மறந்தும் போயிருக்கிறாள், அதுவும் உண்மை.

மறுநாள் பெலாகியா புனித ஃபனூரியோஸுக்குக் கேக் சுட்டாள். ஏதாவது தொலைந்தால் எங்கள் பெண்கள் அவருக்குச் சுடுவார்கள். சுட்டதைத் தெருவில் பகிர்ந்து கொடுத்தால் அவர் காட்டிக்கொடுப்பார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. ரொடாந்தி தன் துண்டை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"என்ன தொலஞ்சுது?"

"வண்டிச் சாவி."

சாவி அவளுடைய ஏப்ரன் பையில் சிணுங்கிக்கொண்டிருந்தது. ரொடாந்தி கேக்கை முழுதாகத் தின்றாள். தின்ற பிறகு நேராக நிகிஃபோரோஸ் இருந்த காப்பிக்கடைக்குப் போய், ஆண்கள் முன்னால் அவரை வெளியே கூப்பிட்டாள்.

"வளைவத் தாண்டி இடது பக்கம். காஞ்ச தொட்டி ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழ காட்டுப்பேரி மரம். மரத்துலேர்ந்து கடல் பக்கமா எறங்கு."

"உனக்கெப்படி..."

"பாட்டுக் கேட்டே கண்டுபிடிச்சேன். எப்பவும் ஒரே கல்லுமேல உக்காந்து பாடுவா. கல்லு எதப் பாத்திருக்குன்னு நான் பாக்கமாட்டேனா?"

"அப்புறம் ஏன் நீ பறிக்கல?"

"யாரு சொன்னா பறிக்கலன்னு? ஓரத்துல பறிச்சேன். போ."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்த ஊரில் ஒருத்தி கீரை இருக்கும் இடத்தைச் சொன்னால் நம்பலாமா? சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் சொல்வதுதானே வழக்கம்.

நல்ல மழைக்குப் பிறகு இரண்டு பேரும் போனார்கள். தொட்டி இருந்தது, மரம் இருந்தது. மரத்துக்குக் கீழே முட்புதர்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் சிவந்த காம்பு. யாரோ வேரை விட்டு அறுத்து மறுபடி தழைத்த கீரை. ஆனால் எங்கள் ஊரில் எல்லோரும் வேரை விட்டுத்தான் அறுப்பார்கள். பெலாகியா சுற்றிலும் பார்த்தாள்.

"இதுதானா?" என்று கேட்டார் அவர்.

"இது இல்ல," என்றாள். அதற்குள் மண்டிபோட்டுக் கத்தியை முள்ளுக்குள் விட்டிருந்தாள். கை தயங்கவில்லை என்று அவர் சொன்னார். கைக்குத் தெரிந்திருந்ததா, இல்லை எந்தப் புதரிலும் அவள் கை அப்படித்தான் போகுமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் திரும்பி வந்தபோது நான் கடைவாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெலாகியா சாக்கை இறக்கினாள். ரொடாந்தி தெருவைத் தாண்டி வந்து, சாக்கின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"எங்கடி பறிச்ச?"

"ஆத்தங்கரையில."

ரொடாந்தி நிகிஃபோரோஸைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

"ஆத்தங்கரையில இந்த வருஷம் நல்லாத்தான் வந்திருக்கு," என்றாள் ரொடாந்தி கடைசியில், ஒரு கை அள்ளிக்கொண்டே.

"வெய்யி கீழ!" என்று பெலாகியா அவள் கையில் ஒரு அடி போட்டாள்.

நிகிஃபோரோஸ் கடைக்குள் வந்து, டாக்டருக்குத் தொலைபேசி செய்யச் சொன்னார்.

"என்ன சொல்லட்டும்?"

"அவ பொய்தான் சொன்னா, மறக்கலன்னு சொல்லு." நான் எண்களை அழுத்திக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார். வெளியே இரண்டு பெண்களும் சாக்கை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்ல, அதெல்லாம் வேணாம். நாங்க ஸ்கேனுக்கு வர்றோம்னு மட்டும் சொல்லு."