பத்து இலட்சத்து ஒன்பது

காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் யசிந்தா ஒரு வகுத்தல் செய்து முடிப்பாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். பஸ் ரிக்கெற்றில் இருக்கிற எண்ணைக்கூட விடமாட்டாள்.

பிறகு மாலைவரை நண்டுச் சதை எடுக்கும் வேலை. ஓடு கீறிய விரல்களில் பேனை சரியாக நிற்காது. படிப்பு எட்டாம் வகுப்பில், இடப்பெயர்வோடு நின்றது.

"உந்தக் கணக்கு கறிக்கு உதவுமே?" என்பான் தம்பி லெனாட்.

"நீ போனை நோண்டுறது உதவுதோ?"

போன மாசியில் பத்து இலட்சத்து ஒன்பதை எடுத்தாள். அது முதன்மை எண்தானா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்தானா என்று அறிய, ஆயிரத்துக்குட்பட்ட நூற்று அறுபத்தெட்டு முதன்மை எண்களாலும் வகுக்க வேண்டும். நாளுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. நாளைய எண்ணை முதல்நாளே பக்கத்தின் தலைப்பில் எழுதிவைப்பாள். ஆடி முடியும்போது எல்லாம் முடிந்தது. எதாலும் வகுபடவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் சிஸ்ரர் கிறிஸ்ரினா கொப்பியைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார்.

"யசிந்தா, எங்கடை கணித விழாவிலை இதை வைப்பம். உம்மடை பேரும் போடுவம்."

பேர் என்றதும் யசிந்தா நிலத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கை வலிக்கவில்லை.

விழாவுக்கு முதல்நாள் அரைநாள் லீவெடுத்து, மத்தியானம் கொப்பியை நல்ல தாளில் பார்த்தெழுதினாள். ஒரு பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது: 293. கீழே ஒன்றுமில்லை. அன்று பெரிய வெள்ளி. பெரிய வெள்ளியில் அவள் பேனை தொடுவதில்லை, அடுப்பும் மூட்டுவதில்லை. மறுநாள், இரவு பாஸ்கு நாடகம் பார்த்த அலுப்போடு கொப்பியைத் திறந்தவள், தலைப்பைக் கண்டு, அது முடிந்ததென்று 307க்குப் போயிருக்கிறாள்.

நின்றபடியே வகுத்தாள். மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று தரம். மீதி இல்லை. மறுபடி வகுத்தாள். மீதி இல்லை.

லெனாட் எட்டிப் பார்த்தான். "ஆருக்கு அக்கா தெரியப்போகுது? பேசாமல் கொண்டுபோய்க் குடன்."

"எனக்குத் தெரியுமெல்லோ."

அழவும் தெம்பில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மண்டபச் சுவரில் மட்டை ஏற்கெனவே ஏறியிருந்தது. பெரிய எழுத்தில் எண், அதன் கீழ் அவள் பெயர்.

"சிஸ்ரர், உது வகுபடுது."

"என்ன சொல்லுறீர்?"

"இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டாலை வகுபடுது. நான் ஒரு நாள் விட்டிட்டன்."

யசிந்தா கதிரையை இழுத்து ஏறி, மட்டையில் குத்தியிருந்த நாலு ஊசியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சிஸ்ரரின் உள்ளங்கையில் வைத்தாள்.

இப்போது பத்து இலட்சத்து மூன்று நடக்கிறது. இன்று அறுபத்தேழால் வகுத்தாள். மீதி இருபத்தெட்டு.